மூன்று வயரும் மினிகாமும்

ஆரல்வாய்மொழிப் பக்கம் பழைய காற்றாலைகளைப் பழுது பார்ப்பது என் வேலை. காற்றாலையின் அடியில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பேச லினக்ஸ் மடிக்கணினியும் சீரியல் கேபிளும் வேண்டும். பேசவைக்க ஒரு மென்பொருளும் வேண்டும். நான் மினிகாம் வைத்திருந்தேன். மெனுவெல்லாம் இருக்கும், பார்க்கிறவனுக்கு ஏதோ பெரிய வேலை நடக்கிற மாதிரித் தோன்றும். அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன், மறைப்பானேன்.

கூட வருகிறவன் தேங்காய்ப்பட்டணத்துக்காரன். வளைகுடாவிலிருந்து திரும்பி எங்களிடம் சேர்ந்து மூன்று மாதம். அவனுக்கு வேலை நிரந்தரமா இல்லையா என்று அந்த வாரம்தான் முடிவாக இருந்தது. அவன் வைத்திருந்தது பிக்கோகாம். திறந்தால் வெறும் கறுப்புத் திரை. இதெல்லாம் ஒரு மென்பொருளா என்று அவனை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன்.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு காற்றாலை நின்றுபோனது. அவன் மூன்றே வயர் வைத்துப் பற்றவைத்த கேபிளை என் மடிக்கணினியில் மாட்டினேன். பெட்டி அனுப்பிய பிழைச் செய்தி திரையில் வந்தது. நான் தட்டிய எழுத்து ஒன்றுகூடப் பெட்டிக்குப் போகவில்லை. வருகிறது, போகவில்லை என்றால் போகிற வயர்தான் விட்டிருக்க வேண்டும். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேலாளருக்குப் போன் போட்டு, இவனுக்குக் கேபிள் பற்றவைக்கக்கூடத் தெரியவில்லை என்றேன். அவன் பக்கத்திலேயேதான் நின்றான்.

போனை வைத்ததும் அவன் அதே கேபிளைக் கழற்றித் தன் மடிக்கணினியில் செருகினான். இரண்டே கட்டளை. தலைக்கு மேலே இறக்கை மெதுவாகச் சுழலத் தொடங்கியது.

"கேபிள்ல கொழப்பம் ஒண்ணும் இல்ல மக்கா. உனக்க செட்டிங்க தொறந்து பாத்தியா?"

திறந்து பார்த்தேன். எதிர்முனையின் சம்மதம் வந்த பிறகே எழுத்தை அனுப்பும் ஏற்பாடு மினிகாமில் தானாகவே போடப்பட்டிருந்தது. அந்தச் சம்மதம் வருவதற்குத் தனி வயர் வேண்டும். நான் வழக்கமாக மாட்டும் கேபிளில் அது உண்டு, மூன்று வயர் கேபிளில் கிடையாது. பிக்கோகாம் அப்படிக் காத்துக்கொண்டு நிற்பதில்லை. வெட்கமாக இருந்தது.

மேலாளரைக் கூப்பிட்டு, காற்றாலை ஓடுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். அவன் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்க காரியம் சொல்லலியா?"

மறுபடியும் கூப்பிட்டேன். தப்பு என்னுடையது, கேபிளில் குறை எதுவும் இல்லை என்றேன்.  அவன் வேண்டாம் என்று இப்போதுதான் மேலிடத்துக்கு எழுதி அனுப்பினேன் என்றார் மேலாளர்.