நின்று சுட்டவள்

கம்ப்யூட்டர் கேம் கடைக் கல்லாவில் உட்காருகிறவளுக்கு ஆட்டத்தில் சுடத் தெரியாவிட்டாலும், குண்டு ஏன் தப்பியது என்று விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்த விளக்கமெல்லாம் மாலினிக்கு உதவவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பெண் அவள். ஒழுங்காகச் சுட்டவளை ‘சீட்டர்’, ஏமாற்றுக்காரி என்று சொல்லி, ஈப்போ நகரத்து கேம் போட்டிக்குப் போகும் எங்கள் கடைக் குழுவில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். பல்கலைக்கழக விடுமுறையில் கடைகளில் மாட்டிக்கொண்டு, வாதாடி வாதாடித் தொண்டை வற்றிய தோழிகளே, உங்களிடமாவது சொல்கிறேன்.

கோணல் மவுஸ்

எங்கள் மலையூரான கம்போங் ராஜாவில், காதர் நானாவின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடிதான் எங்கள் கேம் கடை. இரண்டுக்கும் முதலாளி அவரே; போட்டிக்குக் குழு அனுப்புகிறவரும் அவரே. பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டும் சேகர் அண்ணன், சரக்கு ஏற்றும் நேரத்தில் வந்து உட்காருவார். ஓடிக்கொண்டே சுடுவார். சுவர், கூரை, வானம் எல்லாவற்றிலும் குண்டு படும், எதிரியைத் தவிர.

“அண்ணே, ஓடிக்கிட்டே சுட்டா குண்டு சிதறும். கேமையே அப்படித்தான் செஞ்சிருக்காங்க. நின்னு சுடுங்க. அழுத்திக்கிட்டே இருந்தா துப்பாக்கி மேல ஏறும், மவுஸைக் கீழ இழுக்கணும்” என்றேன். அவர் மவுஸைத் தூக்கி என் முன்னால் போட்டார். “உன் மவுஸ்தான் கோணல் லா, தங்கச்சி. ஓடுற லோரியிலேருந்தே குறி தப்பாம எச்சி துப்புறவன் நான்!”

பாப்பா துப்பாக்கி

மாலினிக்கு இதை ஒரே தடவைதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள். சுடுவதற்கு முன் சட்டென்று நிற்பாள். துப்பாக்கி மேலே ஏற ஏற, அவள் கை கீழே இறங்கும். குண்டெல்லாம் ஒரே இடத்தில் விழும். நான் வாரக்கணக்காகப் பழகியும் எனக்கு வராதது அது.

எப்படி என்று கேட்டேன். கொழுந்து வெட்டும் மெஷினை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு சரிவில் நடக்கிற வேலை அவளுக்கு. உள்ளங்கையை விரித்துக் காட்டிச் சிரித்தாள். “அது உதறுற உதறலுக்கு இந்தத் துப்பாக்கி ஒரு பாப்பா, அக்கா. ஈப்போவுல ஜெயிச்சா மெஷினுக்கு டாட்டா!”

ரோபோ

குழுவுக்கு ஆள் எடுக்கும் ஆட்டத்தில், குழுத் தலைவன் தினேஷை அவள் திரும்பத் திரும்ப வீழ்த்தினாள். அவன் ஹெட்செட்டைக் கழற்றி வீசி, “ஏம்போட் போட்டிருக்கா!” என்று கத்தினான். குறியைத் தானே பிடித்துக் கொடுக்கும் திருட்டு மென்பொருள் அது.

ஆட்டத்தின் பதிவைப் போட்டுக் காட்டினேன். “பாரு, நிக்கிறா, சுடுறா. ரெண்டு குண்டு தப்பியும் இருக்கு. ஏம்போட் தப்புமா?” அவன் திரையைப் பார்க்கவே இல்லை. “இவ்ளோ நேரா போனா அது கை இல்ல லா, ரோபோ. எஸ்டேட்டுப் பொண்ணுக்கு ஏது இந்தக் கை?”

கிடைத்த பதில்

நான் விடவில்லை. தினேஷின் கம்ப்யூட்டர், தினேஷின் மவுஸ், பின்னால் தினேஷே நிற்க, மாலினியை மறுபடி ஆடவைத்தேன். அதே நிற்றல், அதே இழுப்பு, அதே குறி. ஆனாலும் குழுவின் பெயர்ப் பலகையில் அவள் பெயர் ஏறவில்லை. தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில், தண்ணீர்க் குழாயடியில்கூட ‘சீட்டர்’ என்று கூப்பிடுகிறார்களாம். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

குழுவை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு வேன் கிளம்பும் காலையில் நானாவை வழிமறித்தேன். “அவ ஏமாத்தினாளா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க நானா.”

அவர் வேன் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஏமாத்தலன்னு அன்னிக்கே தெரியும்மா. நாலு பயலுங்களோட ஒரு பொண்ணு, ராத்திரி வேற தங்கணும். நாளைக்கு லயத்துல அவ பேரு என்னாகும்? வேற என்ன சொல்லி அவளைக் கழிக்கிறது, நீயே சொல்லு.”

ஆக, மாலினியின் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில்தான் அவளுக்குத் திருடிப் பட்டம் கட்டியிருக்கிறார்கள்.