அம்மா எழுதி வைத்ததை நான் மறைத்தேன்

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்றார் பெரியப்பா. முயன்று பார்த்தேன், முடியவில்லை.

அம்மா ஏரியூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அதியமான்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஆறாம் வருடமே அப்பா தவறிவிட்டார். கைக்குழந்தையாக இருந்த தங்கையைத் தம்மைப் பெற்ற ஆயாவிடம் விட்டுவிட்டுத் தட்டச்சு பழகி, தேர்வெழுதி, தருமபுரி நீதிமன்றத்தில் தட்டச்சராகச் சேர்ந்தார். ஒரு கால்புள்ளி தவறினாலும் பக்கத்தையே மறுபடி அடிப்பாராம். எங்கள் லீவ் லெட்டரைக்கூடத் திருத்திய பிறகுதான் கையெழுத்துப் போடுவார்.

கண்ணியமாக வாழும் உரிமையில் கண்ணியமாகச் சாவதும் அடங்கும், மீள முடியாத நிலை வந்தால் கருவிகளால் உயிரை இழுத்துப் பிடிக்க வேண்டாம் என ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த செய்தியை அம்மா மூன்று முறை படித்தார். பின்னாளில் அந்த நடைமுறை எளிதாக்கப்பட்டதும், தாமே தட்டச்சு செய்து, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன் கையெழுத்திட்டார். தமக்காக முடிவு சொல்லும் ஆளாக என் பெயரைப் போட்டிருந்தார்.

"தங்கச்சி பேரப் போட வேண்டியதுதானே?" என்றேன்.

"அவ அழுவா. அவளுக்கு இப்ப சொல்லவும் வேணாம். நீதான் திடமா இருப்ப. நாளைக்கு நான் பேச முடியாமக் கெடந்தா, இந்தப் பேப்பர்தான்டா எம் பேச்சு."

போன ஆண்டு பக்கவாதம் வந்தது. சேலத்தில் சேர்த்தோம். வென்டிலேட்டர் வைத்த நான்காம் நாள், இனி நினைவு திரும்பாது என்று சொன்ன மருத்துவர், "அம்மா ஏதாச்சும் எழுதி வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார். அந்தத் தாள் என் தோள்பையில் இருந்தது. பக்கத்தில் பெரியப்பா, சித்தப்பா, பங்காளிகள் எல்லோரும் நின்றிருந்தார்கள். சொத்துக்கு அவசரப்பட்டுப் பெற்றவளை அனுப்பிவிட்டான் என்று பேசுவார்களே என்று பயந்தேன்.

"இல்லீங்க" என்றேன்.

இன்னும் பதினோரு நாள் அம்மா அப்படியே கிடந்தார். குழாய் அழுத்தி உதடு வெடித்துப் புண்ணானது. தங்கை ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுப்பாள். "அம்மாவுக்கு வலிக்குமாண்ணா?" என்று தினமும் கேட்பாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

காரியம் முடிந்து பீரோவை ஒழுங்கு செய்தபோது, நான் அதில் ஒளித்து வைத்திருந்த அந்தத் தாளைத் தங்கை பார்த்துவிட்டாள். நின்றபடியே முழுக்கப் படித்தாள். "ஒன்ன நம்பித்தானண்ணா எழுதிக் குடுத்தாங்க" என்றாள். அதன்பிறகு அவள் நம் வீட்டுப் படி ஏறவில்லை. அவள் மேல் தப்பே இல்லை.

இரவு பகல் பார்க்காமல் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்து தந்தவர்களுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த அனைவருக்கும் என் நன்றி. பஞ்சும் கையுமாக அம்மா பக்கத்திலேயே இருந்த தங்கைக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அன்று உங்களில் பலர், "மகன்னா இப்படி இருக்கோணும், கடைசி வரைக்கும் விடாமப் பாத்தான்" என்று என் தோளைத் தட்டினீர்கள். நானும் தலையாட்டினேன். அந்தப் பாராட்டைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா தம்மைப் போகவிடச் சொல்லியிருந்தார். உங்களுக்குப் பயந்து நான்தான் விடவில்லை.