குதிக்காலில் ஒரு கறுப்பு

போர் முடிந்து எங்கள் ஊரான விடத்தல்தீவுக்குத் திரும்பி வந்தபோது எங்கள் காணியில் வீடு இல்லை, முள்ளுக்காடுதான் நின்றது. மகளும் பேரப்பிள்ளைகளும் தமிழ்நாட்டு அகதி முகாமிலேயே தங்கிவிட்டார்கள். "தனியப் போய் என்னம்மா செய்யப் போறீங்கள்?" என்று மகள் கேட்டாள். இருந்து காட்டுகிறேன் பார் என்று வீம்புக்கு வந்தவள் நான்.

காணியைத் துப்புரவாக்கி ஒரு சின்ன வீடு போட்டு முடிக்கும்வரை காலில் முள் ஏறாத நாள் இல்லை. அதனால் குதிக்காலில் கறுப்பாக ஒரு புள்ளியைக் கண்டபோது உள்ளே முறிந்த முள் என்றே நினைத்தேன். முள்ளை முள்ளால்தானே எடுக்க வேண்டும்? எலுமிச்சை முள்ளால் கிண்டினேன். இரத்தம் வந்தது, முள் வரவில்லை. புள்ளி பரந்து புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. தொலைபேசியில் சொன்னதும் மகள் சிரித்தாள்.

"அந்தக் காணியில வேற என்னம்மா விளையும்? திரும்பி வாங்கோ."

ஆஸ்பத்திரியில் சின்னத் துண்டொன்றை வெட்டிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அடுத்த முறை போனபோதும் முடிவு தெரியவில்லை. டாக்டருக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். பொறுமையாக விளக்கினாள்.

"வழமையான சாயத்தில சரியாப் பிடிபடேல்லையாம், அம்மா. தோலுக்கு நிறம் குடுக்கிற கலங்களைத் தேடிப்போய் ஒட்டுற பிறபொருளெதிரி எண்டு ஒண்டு இருக்கு. அதோட சாயத்தைச் சேர்த்துப் போட்டால் அந்தக் கலங்கள் எங்க எங்க போயிருக்கு எண்டு தெரியும். உங்கட துண்டே கறுப்பு. அதால சிவப்புச் சாயம் போடுகினம்."

"புற்றுநோயோ, பிள்ளை?"

"அதைத்தான் பாக்கினம். அடுத்த முறை ஆரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

யாரைக் கூட்டிப் போவது? ஒரு பக்கத்து வீட்டார் விடியமுன் கடலுக்குப் போகிறவர்கள். மறுபக்கத்துக் காணிக்காரர் இன்னும் ஊருக்கே வரவில்லை. கொழும்பில் ஒரு சொட்டுச் சாயம் என் தசைக்குள் தேடிக்கொண்டிருக்கிறது என்று யோசித்தபடி கிடந்தேன். என்னைத் தேட அந்த நாட்களில் அது ஒன்றுதான் இருந்தது. பயமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

டாக்டரின் மேசைக்கு முன்னால் இரண்டு கதிரைகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் நான் இருந்தேன், மற்றதில் என் பையை வைத்தேன். புற்றுநோய்தான் என்றாள். ஆனால் ஆழமாக இறங்கவில்லையாம், சுற்றிவர வெட்டி எடுத்தால் காலைக் காப்பாற்றலாமாம். இதற்குச் சந்தோசப்படுவதா அழுவதா என்று பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். பை இருந்தது.

வெட்டி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டி, நொண்டிக்கொண்டு வீடு வந்த கிழமை மகள் அழைத்தாள்.

"அம்மா, முள்ளு எடுத்தாச்சோ?"

உண்மையைச் சொன்னால், "நான் அப்பவே சொன்னனான்" என்பாள். அவள் சொன்னது சரியாகவும் இருக்கும்.

"ஓம் பிள்ளை, எடுத்தாச்சு."

தொலைபேசியை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். தனி வீட்டில் அந்த ஒரு வசதி உண்டு, ஒருவருக்கும் கேட்காது.