அத்தை முகத்துக்கு என் காது

அப்பா இருந்தார். சித்தப்பா இருந்தார். சின்ன அத்தை கோட்டுச்சேரியிலிருந்து வந்திருந்தாள். அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் இருந்தேன், ஒன்பது வயது. நடுவில் நாற்காலி போட்டு, பிரான்சிலிருந்து வந்த அத்தான். பெரிய அத்தையின் மகன்.

பெரிய அத்தை அவரைப் பெற்ற வாரமே இறந்துபோனாள். கைக்குழந்தையை மாமா பிரான்சுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அத்தைக்கு இருந்தது ஒரே போட்டோ, கல்யாணத்தில் எடுத்தது. போலகத்தில் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது ஊறிப்போனது. புடவைக் கரை மிச்சம். முகம் இல்லை.

அத்தானுக்கு அங்கே படம் வரைவதுதான் வேலை. ஊர் ஊராக யார் யார் முகத்தையோ வரைந்தாராம். பெற்ற அம்மா முகம் மட்டும் தெரியாது, அதை வரையத்தான் வந்தேன் என்றார்.

அத்தை கூடப் பிறந்தவர்களிடம் யாருக்கு எது அவள் சாடை என்று கேட்டுக் கேட்டு எடுத்தார். அப்பாவிடம் நெற்றி. சித்தப்பாவிடம் மூக்கு. சின்ன அத்தையிடம் கண். காதுக்கு என்னைக் கைகாட்டினாள் சின்ன அத்தை.

"அக்கா காது அப்படியே இவளுக்குத்தான் வந்துருக்கு."

முழுசாக வரைவார் என்று பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்தேன். காதோடு நிறுத்திவிட்டார்.

"நீங்க அசையாதீங்க" என்பார். என்னை யாரும் நீங்க என்று சொன்னதில்லை. அசையாமல் இருந்தேன். ஜன்னல் வெயில், பெயிண்ட் எண்ணெய் வாசனை, தூக்கம் வரும். கீழவாஞ்சூர் துறைமுகத்து நிலக்கரி லாரி போனால் வீடு அதிரும். பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்துக் காத்திருப்பார். அரைத்தூக்கத்தில் யாரோ என் காதைத் தொட்டுக் கூப்பிடுவது போல இருக்கும். விழித்தால் அவர் எட்டத்தில் நிற்பார்.

எட்டாம் நாள் முடித்தார். அக்காவேதான் என்றார் அப்பா. சித்தப்பாவும் தலையாட்டினார். சின்ன அத்தை எழுந்து அடுப்படிக்குப் போனாள். அத்தான் என்னைப் பார்த்தார்.

"இது நீங்கதான் அத்தான். பொட்டு வச்சிருக்கீங்க."

அப்பா என் தலையில் குட்டினார். அத்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கெடுத்துவிட்டேன் என்று கொல்லைக்கு ஓடினேன். அந்தக் கண்ணாடியில் அவர் யாரைக் கண்டார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

படத்தை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். வெறுத்துவிட்டது, இனி வரைய மாட்டார் என்று நினைத்தேன்.

இப்போதும் அத்தை முகத்தை வரைந்து போனில் அனுப்புகிறார். நெற்றி மாறும், கண் மாறும். என் காது மாறுவதில்லை. கீழே எப்போதும் ஒரே கேள்வி. "இப்ப யாரு தெரியுது?" தெரிந்ததைச் சொல்வேன். அடுத்தது வரும்.

நேற்று வந்ததோடு நாற்பத்தொன்று.