பெருமானுக்குக் கரைத்த பானகம்

மேச்சேரியிலிருந்து நாமக்கல் நரசிம்மரைச் சேவிக்கப் புறப்படும் நாளில், பெருமானுக்கு அமுது செய்விக்கும் முன் எங்கள் வீட்டில் ஒருவரும் வாயில் பருக்கை வைப்பதில்லை. பெருமானுக்கு வெல்லமும் சுக்கும் ஏலமும் கரைத்த பானகம். சேவித்தபின் நாங்கள் உண்ண, மருமகள் கட்டிய சாமைத் தயிர்ச்சோறும் அவித்த பச்சைப்பயறும். என் மனைவிக்குச் சர்க்கரை நோய் என்பதால் கூடையில் ஒரு மிட்டாய்கூட இராது. மருமகள் அதில் கண்டிப்பானவள்.

அன்று ராசிபுரம் தாண்டியதும் முட்டை லாரி ஒன்று சாலையின் குறுக்கே சாய்ந்து கிடந்தது. முன்னும் பின்னும் வண்டிகள் அடைத்து நின்றுவிட்டன. வெயில் ஏறியது. பின்னிருக்கையில் என் அருகிலிருந்த மனைவியின் கை தற்செயலாக என்மீது பட்டது. குளிர்ந்து, வேர்வையில் நனைந்திருந்தது. விரல்கள் நடுங்கின.

"காலைல இன்சுலின் ஊசி போட்டயா?"

"போட்டேனுங்க. தினம் போடறதுதானே."

உணவைத் தள்ளிவைத்தவள் ஊசியைத் தள்ளிவைக்க மறந்திருந்தாள்.

வண்டியோட்டிய மருமகள் திரும்பினாள். "அத்தை, சுகர் இறங்குதுங்க. சோறு இப்ப வேலைக்காகாது, இனிப்புத்தான் வேணும். அந்தப் பானகத்தைக் குடிங்க."

"சாமிக்குக் கரைச்சதுக்கு நான் முந்திக்கறதா? நீ ஓட்டு சாமி." மருமகளை அவள் செல்லமாகச் சாமி என்றுதான் அழைப்பாள்.

"எங்கீங்க ஓட்டறது? முன்னாடி முட்டைதான் ஓடுது."

மனைவி சிரிக்க முயன்றாள், சொல் குழறியது. கண்கள் என்மீது நிலைக்கவில்லை. வற்புறுத்தி ஊட்டினால் துப்பிவிடுவாள் என்பதை அறிவேன்.

பானகச் செம்பைத் திறந்து, கூடையில் எடுத்துவந்த துளசியை இட்டேன். கைகூப்பி, பெருமானை அவ்விடத்திலேயே அமுது செய்யுமாறு வேண்டினேன்.

"இது... கோயிலுங்களா?" என்றாள்.

"தூணுக்குள்ள இருந்து வந்தவருக்குக் காருக்குள்ள வரத் தெரியாதா? சாப்பிட்டுட்டார். இது பிரசாதம். வேண்டாம்பியா?"

பிரசாதத்தை மறுக்க அவளால் இயலாது. வலக்கையைக் குழித்து நீட்டினாள். வார்த்ததில் பாதி மடியில் சிந்தியது. செம்பில் மீந்ததைத் தம்ளரில் ஊற்றி வாயருகே பிடித்தேன். மெல்ல மெல்ல விழுங்கினாள். அந்த நெரிசலில் ஆம்புலன்ஸ் வரவும் வழியில்லை. நானும் மருமகளும் அந்த முகத்தையே பார்த்திருந்தோம்.

வேர்வை அடங்கியது. அவள் கண் என்னைக் கண்டது. மருமகள் பின்பக்கம் வந்து சாமைச் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள்.

"உப்புப் பத்தல சாமி."

"பத்தலீங்களா அத்தை," என்றவள், அடுத்த கவளத்தை உருட்ட முடியாமல் அழுதாள்.