துவைத்துப் போட்ட சட்டை

வெள்ளாற்றங்கரையில் நாங்கள் நடத்தும் விடுதியில், விருந்தினர் துணிகளை நனைக்க நேற்று மருமகள் வாளியில் சோப்பைக் கரைத்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அப்போது ஆற்றங்கரைக் கோயில்களுக்கு வருகிறவர்களை எங்கள் வீட்டு மாடியறையில்தான் தங்கவைப்போம். "நம்ம வீட்டுக்கு வந்தவுக அழுக்குத் துணியோட ஊருக்குப் போகக் கூடாதுடி" என்பாள் அம்மா. யாரையும் கேட்காமலே துணிகளை அள்ளிப் போய், ஆற்று மணலில் தோண்டிய ஊற்றில் துவைத்துவிடுவாள்.

ஒருமுறை, மகனைப் பறிகொடுத்த பெரியவர் ஒருவர் அவனுக்குத் திதி கொடுக்க வந்து தங்கினார். அவர் குளிக்கப் போன நேரத்தில், தலையணைக்கடியில் சுருட்டி வைத்திருந்த சட்டையையும் அம்மா துவைத்துக் கொடியில் போட்டுவிட்டாள்.

திரும்பி வந்தவர் அந்த ஈரச் சட்டையை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவில்லை.

"என் மகன் கடைசியாக் கழட்டிப் போட்டது தாயி. அவன் வேர்வை வாடை இதுலதான் இருந்துச்சு."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயா, நான் பாவி. தெரியாமச் செஞ்சுட்டேங்க."

"நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சீங்க" என்றார். சட்டையை ஈரத்தோடு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமலே கிளம்பினார்.

அதற்குப் பிறகு அம்மா ஒவ்வொரு துணியையும் விருந்தினர் முன்னால் தூக்கிக் காட்டி, "இதைத் துவைக்கலாமுங்களா?" என்று கேட்பாள். சாகும்வரை கேட்டாள்.

நேற்று மருமகள் முதல் சட்டையை வாளிக்குள் விடப்போனாள்.

"இரு ஆத்தா. கேட்டியா?"

"அவுகளேதான் எடுத்துக் குடுத்தாக அத்தை."

"இருக்கட்டும். இன்னொரு தடவை கேட்டுட்டு வந்துரு."