விரலோரத்துத் தோல்

வெள்ளைத் துணியில் ரத்தம் பட்டுவிட்டால் என்ன செய்வது என்று தையற்கடையில் கேட்டுப் பாருங்கள். சோப்பு, சோடா என்று யாரும் அளக்க மாட்டார்கள். ஒரு முழம் வெள்ளை நூலை அறுத்து வாயில் போட்டு மெல்லும்படி சொல்வார்கள். நன்றாக ஊறியதும் அதை உருட்டிக் கறைமேல் ஒற்ற வேண்டும். தேய்த்தால் போச்சு, துணியும் போச்சு. ஒற்றினால் கறை துணியை விட்டு நூலில் ஏறிக்கொள்ளும். ஒரே ஒரு நிபந்தனை, யாருடைய ரத்தமோ அவருடைய எச்சிலாக இருக்க வேண்டும். அடுத்தவர் எச்சிலுக்கு அது அசையாது. இதற்குப் படித்தவர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது, கடையில் எல்லோருக்கும் இது சத்தியவாக்கு.

கல்யாணப் பெண்களுக்கு நீள வெள்ளை கவுன் தைக்கிற கடை அது. மூன்று மெஷின்கள், ஒரு கட்டிங் மாஸ்டர், ஜன்னலோரத்தில் கைவேலைக்கு ஒருத்தி. அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கடையில் அது யாருக்கும் நினைவில்லை. அப்பா வயதிருக்கும் மாஸ்டர்கூட அவளை 'ஹெம்மிங் அக்கா' என்றுதான் கூப்பிடுவார். பத்து முழ சாட்டின் விளிம்பை மடித்து அவள் கையால் தைத்து முடித்தால், முன்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஒரு தையல் தெரியாது. அப்படிப்பட்ட கை.

அந்தக் கையைக் கிட்டத்தில் பார்க்கக் கூடாது. பத்து விரலிலும் நகத்தைச் சுற்றியிருக்கும் தோலைப் பிய்த்துப் பிய்த்துச் சிவக்க வைத்திருப்பாள். வலது கட்டைவிரல் நகம் சும்மா இருக்காது. பக்கத்து விரலின் ஓரத்தில் தேடும், தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு துளி தோலைக் கண்டுபிடிக்கும், நெம்பும். பிடி நழுவும்போது நகத்தில் நகம் பட்டு 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். நாள் முழுக்க டிக், டிக். அவளுடைய கணவன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன், வாய் கொஞ்சம் நீளம். "எலி கொறிச்ச சோப்பு மாதிரி வச்சிருக்கியே, இதைப் புடிச்சா கல்யாணம் பண்ணினேன்?" என்பான். அவளும் சிரிப்பாள். சிரிக்கும்போதே கட்டைவிரல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மற்றவர்களுக்கு எப்போதாவது ஊசி குத்தும். இவள் மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை நூலை மென்றாள். கடைக்காரம்மா பார்த்தும் பார்க்காததுபோல ரொம்ப நாள் இருந்தார். ஒரு நாள் கவுனை வாங்க வந்த பெண்ணே விளிம்பில் ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டாள். அவள் போன பிறகு கடைக்காரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"இன்னொரு சொட்டு விழுந்துச்சுன்னா நீ வெள்ளையில கை வைக்க வேணாம். அந்தப் பக்கம் உட்கார்ந்து பட்டன் தை," என்றார்.

பட்டன் தைப்பது நேற்று வேலைக்கு வந்தவர்களின் வேலை. அவளுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. பதினொரு வருஷமாக ஒட்டிக்கொண்ட பழக்கத்தை அன்றைக்கே விடுவதென்று முடிவு கட்டினாள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. அது அவள் அம்மாவுடையது. அம்மா ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள். படம் பார்க்க வந்தவர்களுக்கு அவள் முகம் தெரியாது, கவுன்டர் ஓட்டை வழியாக வரும் கைதான் தெரியும். பிய்ந்த தோலும் உறைந்த ரத்தமுமாக ஒரு கை. வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் அங்கேயும் அதே கதை. மகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் அம்மா இருக்கிறாள் என்பதற்கு அடையாளமே அந்த டிக், டிக்தான்.

கடைசியில் அம்மா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் ஐந்து நாள் கிடந்தாள். கண் திறக்கவில்லை, கூப்பிட்டால் குரல் இல்லை. கட்டைவிரல் மட்டும் நிற்கவில்லை. போர்வைக்கு அடியில் டிக், டிக் என்று அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. ஐந்தாம் நாள் பிற்பகலில் அது நின்றது. நர்ஸ் ஓடிவந்து மெஷினைப் பார்ப்பதற்கு முன்பே மகளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் அழவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. வந்திருந்த சித்தி அவள் காதில் விழும்படியே, "கல்லு மாதிரி நிக்கிறா பாரு, பெத்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல," என்றாள். எல்லோரும் போன பிறகு வீடு வெறிச்சென்று இருந்தது. அம்மா உட்காரும் ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் டிக் என்றது. திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லை. குனிந்து பார்த்தால் அவளுடைய கட்டைவிரல்.

அன்றிலிருந்து அந்தக் கட்டைவிரல் தன்னுடையதில்லை என்று அவளுக்கு ஓர் எண்ணம். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கணவன் ஊர் பூராவும் சொல்லிச் சிரிப்பான்.

விடுவதென்றால் லேசா? முதலில் பத்து விரலுக்கும் பிளாஸ்திரி சுற்றினாள், ஊசியைப் பிடிக்க முடியவில்லை. மருந்துக்கடையில் கசப்பு மருந்து வாங்கித் தடவினாள். நகம் கடிக்கிறவர்களுக்குத்தான் அது, பிய்க்கிறவளுக்குக் கசப்பு என்ன செய்யும்? கையுறை போட்டுக்கொண்டால் சாட்டினின் வழவழப்பு விரலுக்குத் தெரியவில்லை. கடைசியில் கைகொடுத்தது ஒரு மெழுகுவர்த்தித் துண்டு. நூலுக்குப் பூச வைத்திருந்ததை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். கை தேடத் தொடங்கும்போது பைக்குள் விட்டு மெழுகை நெம்பினாள். சாயங்காலம் பையில் அரைக் கைப்பிடி மெழுகுத் தூள் சேர்ந்திருக்கும். மெழுகு சத்தம் போடாது, ரத்தமும் வராது.

ஒரு வாரம் போனது. மூன்று வாரம் போனது. காலண்டரில் நாளுக்கு ஒரு கோடு போட்டாள். விரலோரங்களில் புதுத் தோல் மூடி, ஜோராக இருந்தது. மாஸ்டர் பார்த்துவிட்டு, "யாரு கையை இரவல் வாங்கிட்டு வந்தீங்க ஹெம்மிங் அக்கா?" என்றார். அவள் பெருமையில் பூரித்துப்போனாள்.

ஆனால் சத்தம் நிற்கவில்லை.

கடையில் இல்லை, அம்மா இருந்த அதே வீட்டில்தான். அவசர வேலை இருந்தால் மதியமே கவுனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். கட்டிலின் கால்மாட்டில் சுத்தமான வெள்ளை விரிப்பைப் போட்டு அதன்மேல் கவுனைப் பரப்பி, நாற்காலியை இழுத்துப்போட்டுத் தைப்பாள். ஒன்பது வயது மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதே கட்டிலில் தலைமாட்டுப் பக்கம் சுருண்டு ஒரு மணி நேரம் தூங்கும். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளைக்கு அப்படித்தான் பழக்கம், அம்மா தைக்க, அவள் தூங்க. இப்போது தையலில் குனிந்திருக்கும்போது எங்கிருந்தோ டிக் என்றது. கையைப் பார்த்தாள். இடது கையில் துணி, வலது கையில் ஊசி. மறுபடி டிக். திரும்பினால் மகள் போர்வைக்குள் அசையாமல் கிடக்கிறாள், கண் மூடியிருக்கிறது. சத்தம் நின்றுவிடும்.

கணவனிடம் ஒரு நாள் மெல்லக் கேட்டாள்.

"ஏங்க, வீட்டுல ஏதோ டிக் டிக்குன்னு கேக்குதே, உங்களுக்குக் கேக்குதா?"

"கடிகாரம் டிக் டிக்குன்னு அடிக்காம பாட்டா பாடும்?" என்றான். சொன்னதோடு விடாமல் ஸ்டூலில் ஏறிச் சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "இப்ப நிம்மதியா?"

கடிகாரம் நாலு இருபதில் நின்றது. மறுநாள் சாயங்காலமும் டிக் என்றது.

தன் விரலிலிருந்து விரட்டிவிட்டதால் அம்மா இருக்க இடமில்லாமல் வீட்டுக்குள் அலைகிறாள் என்று அவள் நினைத்தாள். பகல் வெளிச்சத்தில் அப்படி நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன பயன்? நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள், முதுகுக்குப் பின்னால் இடம் இருக்கக் கூடாது என்று.

நாற்பத்தோராவது கோடு போட்ட நாள். மறுநாள் காலையில் கொடுக்க வேண்டிய கவுன். விளிம்பில் இரண்டு சாண்தான் பாக்கி. அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்ததும் ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு எழுந்து போனாள். பாலை இறக்கி, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது.

விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை மேலே, கடுகளவு சிவப்பு.

முதலில் பத்து விரலையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. ஊசி குத்தியிருக்கலாம், நமக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு நூலை அறுத்து வாயில் போட்டு மென்றாள். ஒற்றினாள். சிவப்பு அப்படியே இருந்தது. இன்னொரு நூல். சுற்றிலும் ஈரம் பரவியதே தவிர கறை இம்மியும் நகரவில்லை. மூன்றாவது நூலை வாயில் போட்டபோது வாயில் எச்சிலே இல்லை, நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது.

பதினொரு வருஷத்தில் ஒரு முறைகூட அவள் எச்சிலுக்கு அவள் ரத்தம் போகாமல் இருந்ததில்லை. அப்படியானால் இது யார் ரத்தம்?

டிக்.

இந்த முறை அவள் அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். டிக், டிக். ஆஸ்பத்திரியில் கேட்டது போலவே, துணிக்கு அடியிலிருந்து வந்தது. கட்டிலில் மகளின் போர்வை ஓரிடத்தில் மட்டும் லேசாக ஏறி இறங்கியது. போர்வை நுனியைப் பிடித்தாள். உள்ளே எந்தக் கையைப் பார்க்கப்போகிறோமோ என்று இருந்தது. பெற்ற பிள்ளையின் போர்வை அது. விலக்கித்தானே ஆக வேண்டும்?

விலக்கினாள். சின்னக் கட்டைவிரல், பக்கத்து விரலின் ஓரத்தை நெம்பிக்கொண்டிருந்தது. நகத்தைச் சுற்றிச் செக்கச்செவேலென்று இருந்தது. அதே விரல், அதே ஓரம்.

மகள் கண்ணைத் திறந்தாள். மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"கவுனைத் தொட்டியா?"

"கொஞ்சம் கீழ சரிஞ்சுச்சும்மா. தூக்கி வச்சேன். அவ்வளவுதான்." உதடு பிதுங்கியது. "அடிக்காத."

அடிக்க அவளுக்குக் கை வரவில்லை. தன் பாவத்தைப் பிள்ளை தலையில் இறக்கிவிட்டுத் தான் மட்டும் காலண்டரில் கோடு போட்டுக்கொண்டிருந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"எத்தனை நாளா இப்படிப் பண்ற? சொல்லு தங்கம், அடிக்க மாட்டேன். எதுக்குப் பண்ற?"

பிள்ளை அவள் முகத்தை நம்பலாமா என்று ஒரு கணம் பார்த்தது.

"நீ நிறுத்திட்டல்ல," என்றாள். "அந்தச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வரல. நீ பக்கத்துல இல்லாத மாதிரி இருக்கு. அதான் நானே பண்ணிக்கிறேன். கொஞ்ச நேரம் பண்ணா தூங்கிடுவேன்."

அவள் பிள்ளையின் கையைப் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்தாள். வெறிச்சென்று கிடந்த வீடும், அந்த ஜன்னலோரமும், குனிந்து பார்த்த தன் விரலும் கண்முன் வந்தன. அம்மா வந்து அவள் விரலில் குடியேறவே இல்லை. அம்மா பக்கத்தில் இல்லாததைத் தாங்க முடியாமல் அவளேதான் அந்தச் சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். பதினொரு வருஷம்.

பிறகு எழுந்து ஒரு முழம் நூலை அறுத்து மகளிடம் கொடுத்தாள்.

"இதை வாயில போட்டு நல்லா மெல்லு. முழுங்கிடாத."

"எதுக்கு?"

"உன் ரத்தம், நீதான் எடுக்கணும்."

பிள்ளை கன்னம் உப்ப மென்றாள். உருட்டிக் கொடுத்து, எப்படி ஒற்றுவது என்று கையைப் பிடித்துக் காட்டினாள். முதல் ஒற்றலில் கறை வெளிறியது. மூன்றாவதில் வெள்ளை வெளேரென்று ஆனது. கவுன் தப்பித்தது. ஆனால் அதற்காக அவள் சந்தோஷப்பட்டதாகச் சொன்னால் பொய்.

"இனிமே பண்ண மாட்டேம்மா," என்றாள் மகள். "ஆனா தூக்கம் வராது."

அவள் ஏப்ரன் பையிலிருந்து மெழுகை எடுத்து இரண்டாக உடைத்து ஒரு துண்டைப் பிள்ளை கையில் வைத்தாள். பிறகு ஊசியைத் தள்ள நடுவிரலில் மாட்டும் பித்தளை உறையைப் போட்டுக்கொண்டு கட்டில் சட்டத்தில் மெல்லத் தட்டினாள். டிக். மகள் சிரித்தாள்.

"இன்னிக்கு நான் தட்டுறேன். நாளைக்குக் கொஞ்சம் கம்மியா தட்டுவேன். அப்படியே விட்டுடலாம். நான் இங்கதான் இருப்பேன், சத்தம் கேக்கலன்னாலும். சரியா?"

பிள்ளை தலையாட்டினாள். டிக், டிக் என்று தட்டத் தட்ட இமைகள் கனத்தன. மெழுகை நெம்பிக்கொண்டிருந்த சின்ன விரல் தளர்ந்து நின்றது. அவள் தட்டுவதை மெதுவாக்கி, மெதுவாக்கி, நிறுத்தினாள்.

மகளின் மூச்சு சீராக வந்தது. பேட்டரி இல்லாத கடிகாரம் நாலு இருபதிலேயே நின்றிருந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக் காத்திருந்தாள். பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை. ஜன்னலோரத்திலிருந்தும் வரவில்லை. அவளுடைய கட்டைவிரலும் அசையவில்லை. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் அம்மா இல்லை.

அவள் தையலை நகர்த்தி வைத்தாள், வெள்ளைத் துணியில் ஈரம் படக் கூடாது என்று. பிறகு பிள்ளை எழுந்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு தன் அம்மாவுக்காக அழுதாள்.